பெரிய காஞ்சியின் ‘ஃபுல் பெஞ்ச்’

2025 நவம்பர் 13 அன்று லாஸ் வேகாஸில் 26-ஆவது லத்தீன் கிராமி விருது விழா நடந்தது. ஆண்டின் சிறந்த ஆல்பம் என்ற பரிசைப் போர்ட்டோ ரிக்கோ தீவின் பாடகர் பேட் பன்னி எடுத்துச் சென்றார். அந்த ஆல்பம் 2025 ஜனவரி 5-இல் வெளியானது. கேட்டவர்களுக்குத் தெரியும், அதன் உயிர் தாளத்தில் இருக்கிறது. தீவின் பழைய பிளேனா தாளம் அதில் திரும்பத் திரும்ப வருகிறது. பிளேனாவுக்கு மூன்று அளவுகளில் கைப்பறை உண்டு. மரவளையத்தில் தோலைக் கட்டி ஒரு கையில் பிடித்து மறு கையால் அடிக்கும் வாத்தியம். நம்மவர்கள் பார்த்தால் கஞ்சிராவுக்கு அண்ணன் தம்பி முறை என்று உடனே சொல்லிவிடுவார்கள். தெருமுனையில் ஒலித்த அந்தப் பறை, விருது மேடையின் உச்சிக்குப் போன ஆண்டு அது.

அதே ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதுக்கு வயலின் வித்வான் ஆர்.கே. ஸ்ரீராம்குமார் தேர்வானார். பொருத்தமான தேர்வு. பாடகரின் மூச்சு எங்கே முடிகிறது என்று அறிந்து வாசிக்கிற வில் அவருடையது. அந்த அறிவுக்குக் காரணம் உண்டு. அவர் டி.கே. ஜெயராமனிடம் பாட்டும் கற்றவர். ஜெயராமன் காஞ்சிபுரத்தில் பிறந்தவர், டி.கே. பட்டம்மாளின் தம்பி. பட்டம்மாள் சிறுமியாக உட்கார்ந்து காது கொடுத்த மேடை பாடகர் காஞ்சிபுரம் நாயனாப் பிள்ளையின் மேடை. ஆக, 2025-இன் பெரிய விருதும் சுற்றி வளைத்துக் காஞ்சிக்குத்தான் வந்து சேர்கிறது.

இந்த ஊரின் விருதுக் கணக்கை அடுக்கிப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 1954-இல் சித்தூர் சுப்பிரமணிய பிள்ளைக்குக் கலாநிதி. அவர் நாயனாப் பிள்ளையின் நேர் சீடர். 1970-இல் பட்டம்மாள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் எம்.எஸ். சுப்புலட்சுமி பெற்ற பிறகு, இந்த விருதைப் பெற்ற இரண்டாவது பெண் அவர்தான். 1976-இல் டி. பிருந்தா. வீணை தனம்மாளின் பேத்தியான அவரைக் காஞ்சிக்கு அனுப்பி நாயனாப் பிள்ளையிடம் பாடம் கேட்க வைத்தார்கள். அங்கே சேர்த்த தியாகராஜ கீர்த்தனைகளின் களஞ்சியம் கடைசிவரை அவருக்குப் பக்கபலமாக இருந்தது. 1990-இல் ஜெயராமன். விருது கையில் வந்த சில வாரங்களில், 1991 ஜனவரியில், அவர் மறைந்தார். 2018-இல் அருணா சாய்ராம், பிருந்தாவின் சிஷ்யை. 2025-இல் ஸ்ரீராம்குமார். நேராகவோ கிளை பிரிந்தோ ஒரே வேரிலிருந்து வந்தவர்கள் இத்தனை பேர். அந்த வேருக்கு மட்டும் கலாநிதிப் பட்டம் இல்லை. நாயனாப் பிள்ளை 1889-இல் பிறந்து 1934-இல் காலமானார். அகாடமி ‘சங்கீத கலாநிதி’ என்ற பட்டத்தைக் கொடுக்கத் தொடங்கியது 1942-இல்.

விருதாவது காலம் ஒத்துவராததால் போயிற்று. பாட்டுத் தட்டும் இல்லை. அவர் குரலில் கேட்க ஒன்றும் மிஞ்சவில்லை. அவர் வீட்டுப் பெண்கள் கதை வேறு. அவருடைய தாய் காமாட்சி அம்மாளும் சித்தி தனகோடி அம்மாளும் சேர்ந்து பாடிய தனகோடி சகோதரிகள் தென்னாடெங்கும் பெயர் பெற்றவர்கள். தனகோடி அம்மாளின் பாட்டு கிராமபோன் காலத்தின் தொடக்கத்திலேயே தட்டில் ஏறியது. அந்தக் குடும்பத்தின் முந்தைய தலைமுறையைச் சேர்ந்த இன்னொரு காமாட்சி அம்மாள், சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரியிடம் கற்றவர். காமாட்சி கோயிலைச் சுற்றி வளர்ந்த இசைப் பரம்பரை அது. அந்த வீட்டுப் பிள்ளைக்கு இளமையில் குஸ்தியிலும் உடற்பயிற்சியிலும்தான் மனம் போனது என்பார்கள். பாட்டுக்கு வந்த பிறகும் கோதாவை விட்டு இறங்கவில்லை என்றே எனக்குப் படுகிறது. அவருடைய கச்சேரி முழுக்கப் பலப்பரீட்சை.

அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம்.

இன்று ஒரு பாட்டுக் கச்சேரி என்றால் பாடகர், வயலின், மிருதங்கம் ஆகியவற்றுடன் இடம் இருந்தால் கடமோ கஞ்சிராவோ ஒன்று. நாயனாப் பிள்ளை மேடையில் பிடில், மிருதங்கம், கஞ்சிரா, கடம், முகர்சிங், டோலக், கொன்னக்கோல் என்று வரிசையாக உட்காருவார்கள். ரசிகர்கள் இதற்கு ‘ஃபுல் பெஞ்ச் கச்சேரி’ என்று பேர் வைத்தார்கள். கஞ்சிராவைக் கச்சேரிக்குக் கொண்டுவந்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் ஒப்பற்றவர். நாயனாப் பிள்ளை மேடையின் பலமே அவர்தான். பாடகர் ஒருவர் இத்தனை லய வித்வான்களைத் தன்னைச் சுற்றி உட்கார வைக்கிறார் என்றால், எந்த இடத்திலிருந்து கேள்வி வந்தாலும் பதில் தயாராக இருக்கிறது என்று பொருள். ஒரு நொடி தாளம் ஆடினால் அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும்.

பல்லவியில்தான் உண்மையான மோதல். ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, நான்கு களை சவுக்கத்தில் தாளத்தை விரித்துப் போட்டு, வரி தொடங்கும் எடுப்பை அரை இடத்திலோ முக்கால் இடத்திலோ வைப்பது முதல் கட்டம். பிறகு தாளம் அசையாமல் நிற்க வரியை இரட்டிப்பது, நாலாக்குவது, இது அனுலோமம். வரி தன் நடையில் போக, கையில் போடும் தாளம் வேகம் மாறுவது பிரதிலோமம். வாயும் கையும் தனித்தனி வழியில் போய் எடுப்பில் வந்து சந்திக்க வேண்டும். அதன்மேல் திஸ்ரம் செய்து, ஸ்வரம் பாடி, ஸ்வரக் கோர்வைகளை மிருதங்கத்துக்கும் கஞ்சிராவுக்கும் வீச வேண்டும். தனி ஆவர்த்தனத்தில் குறைப்பு வரும்போது ஒருவர் இரண்டு ஆவர்த்தனம் வாசிப்பார், அடுத்தவர் அதற்கு ஈடு கொடுப்பார். பிறகு ஒன்று, அரை, கால் என்று சுருங்கிக்கொண்டே வந்து, பேசிக்கொள்ள நேரம் இல்லாத வேகத்தில் எல்லோரும் மோரா என்ற முத்தாய்ப்பில் ஒன்று சேர்வார்கள். பிள்ளையார்பாளையத்துத் தறியில் கரைச் சேலை ஓடும்போது பார்த்தால் இது விளங்கும். நெய்பவர் உடலுக்கான நாடாவை ஓட்டப் பக்கத்தில் இருப்பவர் கரைக்கான நாடாவை எறிகிறார். ஒருவர் கை ஓரிழை பிந்தினால் கரை பிசகிவிடும்.

இந்தக் கூட்டாட்டத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உபபக்கவாத்தியம் என்று நாம் ஓரமாக உட்கார வைக்கிற கடமும் கஞ்சிராவும் முகர்சிங்கும் அங்கே ஆட்டத்தின் நடுவில் இருந்தன. நாயனாப் பிள்ளையின் பாட்டில் பாவம் குறைவு, கணக்கு மிகுதி என்று அன்றே குறை சொன்னவர்கள் உண்டு. அந்தக் குறையை நான் முழுக்க ஏற்பதில்லை. வெறும் கணக்குக்காரரிடமிருந்து பிருந்தாவின் பதம் தோய்ந்த பாட்டு வந்திருக்காது. திருப்புகழை அதன் சந்தத்தோடும் தாளத்தோடும் மேடையில் பாடியதும், அரிய தியாகராஜ கீர்த்தனைகளைத் தேடிப் பிடித்துப் பரப்பியதும் அவர்தான். காஞ்சியில் ஆண்டுதோறும் தியாகராஜ உற்சவம் நடத்தி வித்வான்களை அழைத்துப் பாட வைத்தவரும் அவரே. தாமல் கிருஷ்ணசாமி தீட்சிதரின் மகள் பட்டம்மாள் அந்த உற்சவத்தில்தான் காதைத் தீட்டிக்கொண்டார். பெண்ணுக்குப் பல்லவி எதற்கு என்று கேட்ட காலத்தில் மேடையில் ராகம் தானம் பல்லவி பாடி, ‘பல்லவி பட்டம்மாள்’ என்று பெயர் வாங்கினார்.

அப்படியானால் ஃபுல் பெஞ்ச் ஏன் தோற்றது? நாயனாப் பிள்ளைக்கு ஒரு வயது இளையவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் வகுத்த பத்ததியில் வர்ணம் தொடங்கி, மத்திமகால உருப்படிகள் பல, அளவான ஆலாபனை, கடைசியில் துக்கடா என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று கிடைத்தது. சபா மேடைக்கும் அது ஒத்துவந்தது. 1938-இல் சென்னையில் வானொலி நிலையம் வந்தபின் கச்சேரிக்கு மணிக்கணக்கும் வந்தது. கிராமபோன் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். நான்கு களைப் பல்லவியின் நாலைந்து ஆவர்த்தனம்கூட அதற்குள் அடங்காது. ஏழெட்டுப் பேருக்குச் சம்பாவனை கொடுக்கச் சபாக்களுக்கும் கட்டுப்படியாகவில்லை. அரியக்குடியின் வழி நல்ல வழி. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அந்த வெற்றியில் லய வாத்தியங்கள் ஓரத்துக்குப் போய்விட்டன. தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் காபி குடிக்க எழுந்து போவது சென்னை சபாக்களின் வழக்கமாகிவிட்டது. இதைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனம் வலிக்கிறது.

வெளியுலகம் எழுந்து போகவில்லை. 1991-இல் அமெரிக்க டிரம்மர் மிக்கி ஹார்ட் ‘பிளானட் டிரம்’ என்ற ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அதில் கடம் வாசித்தவர் விக்கு விநாயக்ராம். அவரோடு உட்கார்ந்தவர்கள் போர்ட்டோ ரிக்கோவின் கொங்கா மேதை ஜியோவானி ஹிடால்கோ, பிரேசிலின் ஏர்டோ மொரேரா, நைஜீரியாவின் பாபடுண்டே ஒலடுஞ்சி, நம் ஜாகிர் உசேன். லத்தீன் அமெரிக்கத் தாளமும் கர்நாடகத் தாளமும் ஒரே மேடையில் சரிசமமாகப் பேசிய ஆல்பம் அது. 1992-இல் உலக இசை ஆல்பத்துக்கான கிராமி அதற்குக் கிடைத்தது. தாளமே முன்னால் நின்ற ஓர் ஆல்பம் ஜெயித்தது. யோசித்துப் பார்த்தால் அது ஒரு ஃபுல் பெஞ்ச். அதற்கு 32 ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரியில் சக்தி குழுவின் ‘திஸ் மொமென்ட்’ ஆல்பத்துக்குக் கிராமி. அதில் கஞ்சிராவும் கடமும் வாசித்தவர் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷ். தந்தைக்கும் மகனுக்கும் கிராமி வீடு தேடி வந்தது.

இங்கே நிலைமை என்ன? மிருதங்கத்துக்குக் கலாநிதி கிடைக்கவே 1966 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அது பாலக்காடு மணி ஐயருக்கு. அதன்பின் மிருதங்க வித்வான்கள் சிலர் பெற்றார்கள். கடத்தையோ கஞ்சிராவையோ முகர்சிங்கையோ தன் முதன்மை வாத்தியமாகக் கொண்ட ஒருவருக்கும் 2025 வரை அந்தப் பட்டம் வரவில்லை. பாட்டுக்கு உண்டு, வயலினுக்கு உண்டு, வீணைக்கும் நாகஸ்வரத்துக்கும் உண்டு. மண்பானையையும் உடும்புத்தோல் வளையத்தையும் உலக மேடைக்கு உயர்த்தியவர்களுக்கு மட்டும் இல்லை. விநாயக்ராமுக்கு 2002-இல் பத்மஸ்ரீ கொடுத்தது மத்திய அரசு. அகாடமியின் பெரிய நாற்காலி அவருக்கு எட்டவில்லை. இது தேர்வுக் குழுவில் ஒருவரது குற்றம் என்று நான் சொல்ல வரவில்லை. ‘உப’ என்ற முன்னொட்டை ஏணியின் கீழ்ப்படியாக எண்ணிப் பழகிவிட்டோம், அவ்வளவுதான். ஆனால் பழக்கம் நியாயம் ஆகிவிடாது.

கேட்டால் மாறும் என்பதற்கு லத்தீன் இசைக்காரர்களே சாட்சி. 2011-இல் அமெரிக்க ரெக்கார்டிங் அகாடமி கிராமியின் 109 பிரிவுகளை 78 ஆகக் குறைத்தது. அடிபட்டவற்றில் லத்தீன் ஜாஸும் ஒன்று. நியூயார்க்கின் டிரம் கலைஞர் பாபி சனாப்ரியாவும் அவர் நண்பர்களும் சும்மா இருக்கவில்லை. கடிதம் எழுதினார்கள், ஊர்வலம் போனார்கள், வழக்கும் போட்டார்கள். நீதிமன்றத்தில் தோற்றார்கள். ஆனாலும் 2012-இல் அந்தப் பிரிவு திரும்ப வந்தது. கலைஞர்கள் வாய் திறந்ததும், அவர்களுக்குப் பின்னால் ரசிகர்கள் நின்றதும்தான் காரணம். நம் ரசிகர்கள் எந்தப் பாடகருக்கு எந்த ஆண்டு கலாநிதி என்று டிசம்பர் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். கஞ்சிராவுக்காக ஒரு கடிதம் எழுதினால் என்ன?

காஞ்சிக்காரர்களுக்கும் இதில் வேலை இருக்கிறது. மாசியில் காமாட்சி அம்மனுக்குப் பிரம்மோற்சவம், பங்குனியில் ஏகாம்பரநாதருக்கு உற்சவம். ஊரே வீதியில் இருக்கும் நாட்கள். அந்த நாட்களில் ஒரு மாலையை முழு ஃபுல் பெஞ்ச் கச்சேரிக்கு ஒதுக்கலாம். ஒரு பாடகர், ஒரு பல்லவி, சுற்றிலும் ஏழு வாத்தியம், கடிகாரம் பார்க்காத தனி ஆவர்த்தனம். பெயர் தேட வேண்டாம், நாயனாப் பிள்ளை நாள் என்று வைத்தாலே போதும். பட்டுச் சங்கங்களும் ஜவுளிக் கடைக்காரர்களும் மனம் வைத்தால் ஏழெட்டு வித்வான்களின் சம்பாவனை பெரிய தொகை இல்லை. போர்ட்டோ ரிக்கோ தன் பறையைத் தானே முதலில் மதித்தது, லாஸ் வேகாஸ் அதற்குப் பிறகுதான் வந்தது.

அகாடமியின் தேர்வுக் குழுவுக்கு என் வேண்டுகோள் இது: அடுத்து வரும் கலாநிதிப் பட்டங்களில் ஒன்று கடத்துக்கோ கஞ்சிராவுக்கோ போகட்டும். தகுதி உள்ளவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயதும் ஏறிக்கொண்டிருக்கிறது.