ஊதா எங்கே கலக்கிறது?

2002-ல் வெளிவந்த ஸ்டார் வார்ஸ் படத்தில் சாமுவேல் எல். ஜாக்சன் கையில் ஊதா நிற ஒளிவாள் இருக்கும். பெரிய சண்டைக் காட்சியில் அத்தனை பேருக்கு நடுவே தன்னைத் தான் அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று இயக்குநர் ஜார்ஜ் லூகாஸிடம் அவர் கேட்டு வாங்கிய நிறம் அது. அவருக்கு வாய்வார்த்தையில் கிடைத்துவிட்டது. அதே வாளை வீட்டில் செய்ய உட்காருகிறவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. அக்கா மகனின் மாறுவேடப் போட்டிக்காக ஒன்று செய்யப்போய், மூன்று இரவு சால்டரிங் புகையைக் குடித்தவன் சொல்கிறேன்.

வழக்கமான முறை, சிவப்பு எல்இடியையும் நீல எல்இடியையும் சேர்த்து எரியவிடுவது. இதை ஒரு குறுக்குவழி என்றும், 'அசல்' ஊதா எல்இடி வாங்க வசதியில்லாதவர்களின் சமாளிப்பு என்றும் நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குழப்பத்துக்குக் காரணம் நம் சொல்தான். வானவில்லின் ஓரத்தில் தெரிவதையும் ஊதா என்கிறோம், கத்திரிப்பூவின் நிறத்தையும் ஊதா என்கிறோம். முன்னது 400 நானோமீட்டரை ஒட்டிய ஒற்றை அலைநீளம். பின்னதற்கு அலைநீளமே கிடையாது. சிவப்பும் நீலமும் ஒன்றாகக் கண்ணுக்குள் நுழைந்து, நடுவில் பச்சை இல்லாதபோது மூளை உண்டாக்கிக்கொள்ளும் நிறம் அது. 1931-ல் வகுக்கப்பட்ட சிஐஇ நிற வரைபடத்தில் அடிப்பக்கம் சாய்வாக ஓடும் நேர்கோடு முழுவதும் இந்தக் கலப்பு நிறங்கள்தான். ஜாக்சனின் வாள் கத்திரிப்பூ வகை. அதைக் கலந்துதான் செய்ய வேண்டும்.

405 நானோமீட்டர் எல்இடியையும் வாங்கிப் பார்த்தேன். 555 நானோமீட்டர் பச்சைக்கு நம் கண் காட்டும் உணர்வில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இதற்கு இல்லை. அதனால் வாள் மங்கலாகத் தெரிகிறது, பக்கத்தில் நிற்பவரின் வெள்ளைச் சட்டையோ பளீரென்று ஒளிர்கிறது! மங்கலாக இருப்பதாலேயே குழந்தைகள் அதைக் கூசாமல் உற்றுப் பார்ப்பார்கள். கண்ணின் பாதுகாப்பை நினைத்தால் அந்த ஒரு காரணமே அதைத் தூக்கிப்போடப் போதும்.

கலப்புக்கும் குறைகள் உண்டு. சிவப்பு எல்இடிக்கு ஏறக்குறைய 2 வோல்ட் போதும், நீலத்துக்கு 3.2 வேண்டும். இரண்டையும் பக்கம் பக்கமாக இணைத்து ஒரே ரெசிஸ்டரைப் போட்டால் சிவப்பு மட்டுமே எரியும். பந்தியில் முதலில் உட்கார்ந்தவன் சோற்றுப் பானையைக் காலி செய்த கதை. ஆளுக்கொரு ரெசிஸ்டர் போட்டாக வேண்டும். அதிலும் இரண்டுக்கும் சம மின்னோட்டம் கொடுத்தேன். "மாமா, இது ரோஸ் கலர்ல இருக்கு" என்று பையன் ஒரே வார்த்தையில் நிராகரித்துவிட்டான். 5 வோல்ட்டில் நீலத்துக்கு 100 ஓம், சிவப்புக்கு 330 ஓம் என்று மாற்றியபோது நீலத்துக்கு 18 மில்லி ஆம்பியர், சிவப்புக்கு அதில் பாதியான 9. அப்போதுதான் ஊதா வந்தது.

வந்த ஊதா நிற்க வேண்டுமே. மூன்று பென்சில் செல் போட்டால் 4.5 வோல்ட். சிவப்பின் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 2.5, நீலத்தின் ரெசிஸ்டருக்கு 1.3. செல்கள் தளர்ந்து 3.6 வோல்ட்டுக்கு இறங்கும்போது சிவப்புக்கு 1.6 இருக்கும், நீலத்துக்கு 0.4தான் இருக்கும். சிவப்பு மூன்றில் ஒரு பங்கை இழக்கிற நேரத்தில் நீலம் மூன்றில் இரண்டு பங்கை இழந்துவிடுகிறது. மேடையில் பெயர் கூப்பிடுவதற்குள் நல்லவனின் வாள் வில்லனின் சிவப்புக்குப் போய்க்கொண்டிருக்கும். இதற்கு 5 வோல்ட் பவர் பேங்க் நல்ல தீர்வு. (ஒரே ஒரு ஜோடியை மட்டும் மாட்டிச் சோதித்தால் பல பவர் பேங்குகள் யாரும் இல்லை என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். அரை மணி நேரம் என் சால்டரிங்கைத்தான் சந்தேகித்துக்கொண்டிருந்தேன்.)

இவை எல்லாம் கணக்கு தெரிந்தால் தீருகிற குறைகள். செய்கிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காத குறை வேறு இடத்தில் இருக்கிறது. எல்இடியில் எதுவும் கலப்பதில்லை. குழாய்க்குள் எட்டிப் பார்த்தால் ஒரு சிவப்புப் புள்ளி, ஒரு நீலப் புள்ளி, அவ்வளவுதான். சுவருக்கும் வாளுக்கும் நடுவே விரலை நீட்டினால் நிழலுக்கு ஒரு பக்கம் சிவப்புக் கரை, மறுபக்கம் நீலக் கரை. இரண்டையும் ஒன்றாக்குவது முன்னால் இருக்கும் பால்வெள்ளை உறை. நல்ல எல்இடி தேடிக் கடை கடையாக ஏறி இறங்குகிறவர்கள், உறைக்கு மட்டும் கையில் கிடைத்த பட்டர் பேப்பரைச் சுற்றி முடித்துவிடுகிறார்கள். நானும் முதலில் அதைத்தான் செய்தேன். பிறகு, எரிந்துபோன எல்இடி டியூப்லைட்டின் உறையைக் கழற்றிப் போட்டேன். எல்இடியின் பளபளத்த தலையை உப்புத்தாளால் தேய்த்து மங்கலாக்கினேன். ஒரு ஜோடியில் சிவப்பு இடப்பக்கம் என்றால் அடுத்ததில் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றி வைத்தேன். எல்இடிகளுக்கு இடையே உள்ள தூரத்தைவிட உறைக்கான தூரம் கூடக் கூடக் கலப்பு கூடுகிறது. அதற்காக வாளும் பருத்துக்கொண்டே போகிறது! என்னுடையது கடைசியில் ஒளிவாள் பாதி, உலக்கை பாதி. உறை வெளிச்சத்திலும் கணிசமான பங்கை விழுங்கிவிடுவதால், விளக்குகள் எரியும் மேடையில் வெளிறித்தான் தெரிந்தது.

ஒரே பொதிக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் அடங்கிய டபிள்யூஎஸ்2812பி எல்இடி பட்டையில் இந்தத் தொல்லை குறைவு, ஒவ்வொரு நிறத்தையும் 256 படிகளில் ஏற்றி இறக்கலாம். ஆனால் வெளிச்சத்தை வேகமாக அணைத்து அணைத்து எரியவிடுவதுதான் அதன் வித்தை என்பதால், போனில் வீடியோ எடுத்தால் சில சமயம் வரி வரியாக ஓடும்.

படத்தில் அந்த வாள் எரியவே இல்லை. நடுவில் வெள்ளையும் சுற்றிலும் ஊதாவுமாகப் பின்னால் சேர்த்த ஒளி அது. போன் கேமரா மிகை வெளிச்சத்தில் திணறும்போது நம் வாளும் புகைப்படத்தில் அப்படியே விழுகிறது. அதைப் பார்த்த பையன், "நேர்ல மட்டும் ஏன் மாமா நடுவுல வெள்ளையா இல்ல?" என்றான். உறைக்குள் ஒரு வெள்ளை எல்இடி வரிசையையும் செருகிப் பார்த்தேன். ஊதா மொத்தமும் வெளுத்துப்போய், பழைய டியூப்லைட் மாதிரியே நின்றது. கழற்றிவிட்டேன்.