உப்புக் காற்றுக்கு ஒரு லிட்டர் பெட்டி

எங்கள் வீட்டு டெஸ்க்டாப்பை இத்தனை வருடம் ஓட்டியது ரப்பர். பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பர்தான். ஸ்விட்சைப் போட்டால் மூன்று முறை ‘பீப்’ என்று கத்தும்; திரை இருட்டாகவே கிடக்கும். கேபினெட்டின் பக்கத் தகட்டைக் கழற்றி, ரேமை உருவி, அதன் மஞ்சள் பற்களை ரப்பரால் நாலு தேய் தேய்த்துத் திரும்பச் செருகினால் உயிர் வரும். 2014-இல் வாங்கிய இன்டெல் ஐ3-4130 அது. முதலில் வருடத்துக்கு ஒரு தடவை இந்த வைத்தியம். கடைசிக் காலத்தில் வாரத்துக்கு ஒரு தடவை.

போன வருட ஐப்பசி மழையில் ரப்பரும் கைவிட்டது. திருவொற்றியூர் மார்க்கெட் பக்கம் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தம்பி, மதர்போர்டைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினான். “ஸ்லாட்டப் பாருங்கண்ணா, பச்சையா பூத்துக் கெடக்கு. ரேம் நல்லாத்தான் இருக்கு, போர்டுதான் போச்சு. உப்புக் காத்துண்ணா. நம்ம ஏரியால வர்ற போர்டெல்லாம் இப்படித்தான்.” பித்தளைக் குடத்தில் பிடிக்குமே, அதே களிம்பு. ஸ்க்ரூக்கள் துருவோடு ஒட்டி, தலை மட்டும் கையோடு வந்தது.

சோற்று உப்புக்கு ஒரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் ஏறக்குறைய 75 சதவீதத்தைத் தாண்டினால், காற்றிலிருந்தே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். மழைக்காலத்தில் சமையலறை உப்புஜாடி கசிவது அதனால்தான். கடல் காற்றோடு வந்து போர்டில் படியும் உப்பும் அதையேதான் செய்கிறது. கரைந்த உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பை அரிக்கும். இங்கே பாதி வருடம் விடியற்காலை ஈரம் 75-க்கு மேல்தான். இதோடு மணலிப் பக்கத்து ஆலைகளின் கந்தக வாடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டு வெள்ளிக் குங்குமச்சிமிழ் அடிக்கடி கறுக்கும். ஐரோப்பாவில் 2006-இல் மின்னணுச் சாமான்களில் ஈயத்துக்குத் தடை வந்த பிறகு, போர்டு செய்பவர்களில் பலர் செம்புக்கு மேல் வெள்ளி முலாம் பூச ஆரம்பித்தார்கள். கந்தகம் கலந்த காற்றில் அந்த முலாமும் சிமிழ் மாதிரியே கறுக்கும்.

உப்பு, கந்தகம், மூன்றாவது சாம்பல். எண்ணூர் கழிமுகத்துக்கு வடக்கே, வடசென்னை அனல்மின் நிலையத்தின் மூன்று கட்டங்கள்: 630, 1200, 2024 மார்ச்சில் தொடங்கிய 800. வல்லூர் நிலையம் 1500. கூட்டினால் 4130 மெகாவாட். என் பிராசசர் நம்பரும் 4130! ஜோசியத்தில் நம்பிக்கை இல்லாத எனக்கே இதைக் கூட்டிப் பார்த்த இரவு ஒரு மாதிரியாக இருந்தது.

அதற்கு முந்தைய பென்டியம் 4, ராயபுரத்தில் குடியிருந்தபோது வாங்கியது. அது சாம்பலைக் கண்டதில்லை, கரியைக் கண்டது. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருந்த காலம். ஃபேனைத் துடைத்த துணி அடுப்புத் துணி மாதிரி இருக்கும். 2011-இல் உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு கரி எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போனது. நாங்களும் வடக்கே திருவொற்றியூருக்குக் குடிபெயர்ந்தோம், அதன் பின்னாலேயே போனவர்கள் மாதிரி.

ஆக, புதுக் கம்ப்யூட்டர் தேடும்போது நான் கேட்ட முதல் கேள்வி வேகத்தைப் பற்றியது இல்லை: எத்தனை ஓட்டை, எத்தனை ஃபேன்?

விண்டோஸ் தொல்லையும் சேர்ந்துகொண்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-உடன் நின்றது. விண்டோஸ் 11 கேட்பதோ இன்டெல்லில் எட்டாம் தலைமுறை, கூடவே டிபிஎம் 2.0. என்னுடையது நாலாம் தலைமுறை. லினக்ஸுக்கு மாறலாமே என்பார்கள். நான் கஸ்டம்ஸ் ஹவுஸை நம்பிப் பிழைக்கும் ஒரு சி.எச்.ஏ. (கஸ்டம்ஸ் ஹவுஸ் ஏஜெண்ட்) ஆபீஸில் டாக்குமெண்டேஷன் பார்க்கிறவன். ராத்திரி பத்து மணிக்கு ஷிப்பிங் பில்லில் திருத்தம் வரும். வீட்டிலிருந்தே டிஜிட்டல் கையெழுத்து டோக்கனைச் செருகி, கஸ்டம்ஸின் ஐஸ்கேட் இணையதளத்தில் ஏற்ற வேண்டும். அந்த டோக்கனோடும் அதன் டிரைவரோடும் புது இடத்தில் மல்லுக்கட்ட எனக்குத் தெம்பில்லை. 59,900 ரூபாய்க்கு வந்த எம்4 மேக் மினி கைக்கடக்கமான, அருமையான பெட்டி. அதையும் இதே காரணத்துக்காகத்தான் விட்டேன். கெட்டால் திறக்க நம் தம்பியால் முடியாது என்பது இன்னொரு காரணம்.

ஆல்-இன்-ஒன்னில் திரை போனால் எல்லாம் போச்சு. லேப்டாப் வாங்கினால் என் மகள் காலேஜுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள், பிறகு வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை. ரொம்ப நேரம் இழுத்தது அசெம்பிள் டவர்தான். புது பிராசசர், புது போர்டு, மூன்று வருட வாரண்டி. ஆனால் இப்போது வரும் கேபினெட்டுகளைப் பாருங்கள்: முன்பக்கம் முழுக்கச் சல்லடை, உள்ளே கலர் விளக்குப் போட்ட மூன்று ஃபேன். பெங்களூருக்கு அது அழகு. இங்கே அது மூன்று வாய் வைத்துச் சாம்பல் குடிக்கும்.

கடைசியில் பழைய சாமான் தேடிப் போனேன். எங்கள் தேரடியில் மெட்ரோ ஏறினால் மாறாமல் அரசினர் தோட்டம். அங்கிருந்து நடந்தால் ரிட்சி தெரு. கம்பெனிகள் கழித்துப்போட்ட குட்டி டெஸ்க்டாப்புகள் அங்கே குவிந்து கிடக்கின்றன: லெனோவோ திங்க்சென்டர் டைனி, எச்பி எலைட்டெஸ்க் மினி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ. மூன்றும் ஒரே சாதி, கொள்ளளவு சுமார் ஒரு லிட்டர். நான் எடுத்தது திங்க்சென்டர் எம்720க்யூ. ஆறு கோர் ஐ5-8500டி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி, 17,500 ரூபாய்.

பழைய சாமானா என்று வீட்டில் முகம் சுளித்தார்கள். பின்பக்கம் ஒரே ஒரு ஸ்க்ரூவைத் திருகி, மூடியை முன்னால் தள்ளித் திறந்து காட்டினேன். ஐந்தாறு வருடம் ஏசி அறையில் உட்கார்ந்திருந்த போர்டு, நேற்றுப் பிறந்தது மாதிரி பளபளத்தது. எங்கள் தெருவில் இரண்டே வருடம் ஓடிய கம்ப்யூட்டரை விட இது சுத்தம். வடசென்னையில் செகண்ட் ஹேண்ட் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வயதைக் கேட்காதீர்கள், எந்த ஊர்க் காற்றில் இருந்தது என்று கேளுங்கள்.

கடையிலேயே இரண்டு காரியம் செய்யுங்கள். லெனோவோ என்றால், ஆன் செய்ததும் எஃப்1 தட்டி பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். பாஸ்வேர்டு கேட்டால் அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள், பழைய கம்பெனியின் பூட்டு அது. அடுத்தது அடாப்டர். எனக்கு வந்தது டூப்ளிகேட். இரண்டாவது வாரமே வயர் இட்லித் தட்டாய்ச் சூடேறியது. கடைக்காரர் மாற்றித் தந்தார் என்றாலும், ஒரு சனிக்கிழமை போனது போனதுதான்.

நாலு மாதமாக ஓடுகிறது. ஸ்விட்சைப் போட்டு டம்ளரைக் கையில் எடுப்பதற்குள் தயார்; பழையதில் காபியே முடிந்துவிடும். நூறு பக்க பிடிஎஃப், பதினைந்து டேப், ஒரு எக்செல், பின்னணியில் இளையராஜா என்றாலும் மூச்சு வாங்கவில்லை. 8 ஜிபி மட்டும் சில நேரம் திணறுகிறது. வாங்கிய அன்றே இன்னொரு குச்சி போட்டிருக்க வேண்டும். ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதில், ரிட்சி தெருவில் ரேமுக்குக் காலையில் ஒரு விலை, சாயங்காலம் ஒரு விலை. மைக்ரான் நிறுவனம் தன் க்ரூஷியல் சில்லறை வியாபாரத்தையே விடுவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. காத்திருந்தால் இறங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

பின்னால் விஜிஏ கிடையாது. டிஸ்ப்ளே போர்ட்டும் எச்டிஎம்ஐயும்தான். பழைய மானிட்டருக்கு ஒரு கன்வெர்ட்டர் வாங்கினேன். எழுத்து லேசாகக் கலங்கித் தெரிகிறது, பழகிவிட்டது. டிவிடி டிரைவ் இல்லை. மைத்துனர் கல்யாண சிடி பார்க்க முடியவில்லை என்று ஒரு புகார் நிலுவையில் இருக்கிறது. இன்னொன்று, விண்டோஸ் 11 பட்டியலில் இன்டெல் எட்டாம் தலைமுறை கடைசிப் படி. அடுத்த விண்டோஸ் இதை ஏற்றுக்கொள்ளும் என்று நம்பி வாங்கக் கூடாது.

வாட் மீட்டர் வைத்துப் பார்த்தேன். சும்மா இருக்கும்போது பழையது, உயிரோடு இருந்த நாளில், 42 வாட்; இது 10. கரண்ட் பில்லில் அது பெரிய தொகை இல்லை. யூபிஎஸ்ஸில்தான் வித்தியாசம் தெரிகிறது. முன்பு பத்து நிமிடத்தில் அலறும். இப்போது அரை மணி தாங்குகிறது. ஐஸ்கேட்டில் பாதி ஏற்றிய நேரத்தில் கரண்ட் போனவர்களுக்கு அந்த இருபது நிமிடத்தின் அருமை தெரியும்.

மழைநாளில் இதை நான் அணைப்பதில்லை. ஓடும் பெட்டியின் உள்காற்று கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். காற்று வெதுவெதுப்பானால் ஈரப்பதச் சதவீதம் இறங்கும், உப்பு கசியாது. அணைத்துப் பூப்போட்ட உறையால் மூடி வைப்பதுதான் கெடுதல். முன்பக்கச் சல்லடையில் கொசுவலைத் துண்டை இரண்டாய் மடித்து ஒட்டியிருக்கிறேன். சூடு 4 டிகிரி ஏறியது, பரவாயில்லை. ஒரு மாதம் கழித்து உரித்துப் பார்த்தால், வெள்ளை வலை விபூதி பூசியது போலிருந்தது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த ராத்திரி, வாசலில் தண்ணீர் ஏறும்போது நானும் மகளும் பழைய கேபினெட்டை மானிட்டர் வயரோடு கட்டில் மேல் தூக்கிப் போட்டோம். அதில்தான் அவள் கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. புதுப் பெட்டி மொத்தமே 1.3 கிலோ. இப்போது சுவரில், ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம், தலை உயரத்தில் தாங்கி அடித்து வைத்திருக்கிறேன்.

போன ஞாயிறு திறந்து பார்த்தேன். போர்டில் களிம்பு இல்லை. ஃபேன் இறக்கையின் ஓரத்தில் மட்டும் சாம்பல் கோடு. பின்பக்க ஸ்க்ரூவின் தலையில் மிளகளவு துரு. அதைக் கையில் எடுத்துக்கொண்டு காசிமேட்டில் படகுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன். “இம்மாத்தூண்டு ஸ்க்ரூவ வச்சு எந்த போட்டுக்குண்ணே?” என்று சிரித்தபடியே டப்பாவைத் துழாவி, அளவு பொருந்துகிற எஸ்.எஸ். ஸ்க்ரூ ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஐந்து ரூபாய்.