நாகைக் கப்பலுக்கு எந்த மாதம் டிக்கெட் போடலாம்?

பட்டுக்கோட்டைக்காரர்கள் தங்கள் ஊர்க் கடலைப் பார்த்துவிட்டு இலங்கைக் கப்பலுக்கு டிக்கெட் போடக் கூடாது. நமக்குப் பழக்கமான கடல் அப்படிப்பட்டது. மல்லிப்பட்டினத்துக்கு அருகே சரபோஜி மன்னர் கட்டிய மனோராவில் ஏறி நின்று கிழக்கே பார்த்தால், வருடத்தில் பாதி நாள் ஏரி மாதிரிதான் கிடக்கும். அதிராம்பட்டினத்தில் கரையோரம் அலையே கிடையாது. சேறும் கலங்கல் தண்ணீரும், வெகுதூரம் வரை இடுப்பளவு ஆழமும்தான். கோடியக்கரை மூக்கு போல நீண்டு வங்கக்கடலை மறித்து நிற்பதும், முத்துப்பேட்டை அலையாத்திக் காடும், ஆற்று வண்டல் படிந்த ஆழமில்லாத தரையும் சேர்ந்து நமக்குக் கொடுத்திருக்கிற சலுகை இது. நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குப் போகிற கப்பலுக்கு இந்தச் சலுகை கிடையாது.

இந்தக் கப்பலைப் பற்றி ஊரில் இரண்டு பேச்சு உண்டு. ‘நாலு மணி நேரத்தில் யாழ்ப்பாணம்’ என்று ஒரு பேச்சு. ‘அது எங்கே ஓடுகிறது, பாதி நாள் நின்றுதானே கிடக்கிறது’ என்று மற்றொன்று. இரண்டுமே உண்மை, ஆனால் ஒரே மாதத்தில் இரண்டும் உண்மையாக இருப்பதில்லை. அதனால் கப்பலில் போகலாமா என்று கேட்பதைவிட எப்போது போகலாம் என்று கேட்பதுதான் பயன் தரும். அதற்குப் பதில் விளம்பரத்தில் இல்லை. நிலப்படத்திலும் காற்றிலும் இருக்கிறது.

முதலில் படத்தைப் பார்ப்போம். நாகைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே சுமார் 60 கடல் மைல், அதாவது 110 கிலோமீட்டர். இலங்கை கிழக்கே இருக்கிறது என்று நாம் நினைப்பதால் கப்பலும் கிழக்கே போவதாக நினைக்கிறோம். உண்மையில் அது ஏறக்குறைய நேர் தெற்காகத்தான் போகிறது, கொஞ்சம் கிழக்கே சாய்ந்து. பாதி வழி வரை வலது கைப் பக்கம் வேளாங்கண்ணி, வேதாரண்யம், கோடியக்கரை என்று நம் கரையே கூட வரும். கோடியக்கரையைத் தாண்டியதும் வலப்பக்கம் பாக் விரிகுடா திறந்துகொள்கிறது. இடப்பக்கமோ புறப்பட்ட நேரத்திலிருந்து சேருகிற நேரம் வரை முழு வங்காள விரிகுடா.

இப்போது காற்றை இதன் மேல் வைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறந்து வாடைக்காற்று எழும்பினால், வடகிழக்கிலிருந்து வருகிற அலைக்கு இந்தத் தடத்தில் தடுப்பென்று எதுவுமே இல்லை. அலை போகும்போது இடது விலாவிலும் திரும்பும்போது வலது விலாவிலும் மோதும். விலாவில் வாங்குகிற அலைதான் சின்னக் கப்பலை உருட்டும். போய்ச் சேருகிற காங்கேசன்துறையும் யாழ்ப்பாணத்தின் வடகரையில், வாடைக்கு முகம் கொடுத்த துறைமுகம். பாக் நீரிணையில் ஆழம் குறைவு என்பதால் அலை நீண்டு புரளாமல் குட்டையாகவும் செங்குத்தாகவும் அடுத்தடுத்து எழும்பும். ஆழமில்லாத கடல் பயமில்லாத கடல் என்று எண்ணுவது தவறு.

தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் கதை வேறு. சோழகம், கச்சான் என்று மீனவர்கள் சொல்கிற காற்றுகள் நிலத்திலிருந்து கடலுக்குப் போவதால், நாகையிலிருந்து கோடியக்கரை வரை கரையின் மறைவில் கப்பல் சுகமாக ஓடும். பயணிகள் செல்போனில் படம் எடுப்பது இந்தப் பாதியில்தான். மறைவு முடிந்ததும் பாக் விரிகுடாவைத் தாண்டி வருகிற அலை வலது முன்பக்கத்தில் வந்து அறையும். கப்பலின் அடிப்பலகை தண்ணீரில் ‘தொம், தொம்’ என்று விழத் தொடங்கும். பேச்சு அடங்கி, வாந்திப் பைகள் கேட்டுக் கைகள் நீளும். திரும்பி வரும்போது அதே காற்று பின்பக்க இடது மூலையில் தள்ளுவதால் அறைவது குறையும், ஆட்டம் இருக்கும். ஆக, வாடைக்காலத்தில் முழு வழியும் சிரமம், சோழகக் காலத்தில் பாதி வழி சிரமம். இரண்டு காற்றுக்கும் நடுவில் இரண்டு இடைவெளிகள் இருக்கின்றன. மாசிக் கடைசியிலிருந்து சித்திரை வரை ஒன்று. ஆவணிக் கடைசியிலிருந்து புரட்டாசி வரை மற்றொன்று.

இதையெல்லாம் கடற்கரையில் மீன் கூறு போடுகிறவர்களே சொல்லிவிடுவார்கள். ஆனால் இந்தச் சேவையைத் தொடங்கியவர்களுக்கு ஏன் தோன்றவில்லை என்பதுதான் வியப்பு. 2023 அக்டோபர் 14ஆம் தேதி பிரதமர் காணொலி வழியாகக் கொடியசைத்துத் தொடங்கி வைத்தார். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு வானிலைத் துறை வைத்திருக்கிற சராசரித் தேதி அக்டோபர் 20. லட்சத்தீவுக்காகக் கட்டிய 150 பேர் கொள்ளும் ‘செரியபாணி’ என்கிற அதிவேகக் கப்பலைக் கொண்டுவந்து, மழைக்கு ஆறு நாள் இருக்கும்போது கடலில் விட்டார்கள். அக்டோபர் 20ஆம் தேதியோடு அந்த ஆண்டின் சேவை முடிந்தது. வரி சேர்த்து 7,670 ரூபாய்க் கட்டணத்தைத் தொடக்கச் சலுகையாக 2,800 ரூபாயாகக் குறைத்தும், கப்பலைப் பயன்படுத்த மக்களுக்குக் கிடைத்தது ஒரு வாரம்.

மறுபடி 2024 ஆகஸ்ட் 16ஆம் தேதி ‘சிவகங்கை’ என்ற கப்பலோடு தொடங்கினார்கள். முதலில் மே மாதமே ஓடுவதாக இருந்து தள்ளிப்போனது. கூட்டம் போதாமல் வாரத்தில் சில நாள் என்று சுருங்கி, ஆண்டின் இறுதியில் மழைக்காக நின்று, 2025 பிப்ரவரி 22ஆம் தேதி மீண்டும் ஓடியது. ஓடத் தொடங்கிய சில நாளிலேயே வானிலை கெட்டுச் சிறிது நிறுத்தம். தை முடிந்தவுடன் கடல் அடங்கிவிடும் என்று கணக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாடையின் மிச்சம் மாசிப் பாதி வரை இருக்கும்.

‘அந்தக் காலத்தில் போட் மெயில் ஓடவில்லையா?’ என்று கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். 1914இல் பாம்பன் பாலம் திறந்த கையோடு தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியது. எழும்பூரில் வாங்கிய ஒரே டிக்கெட்டில் ரயிலும் கப்பலுமாகக் கொழும்பு வரை போகலாம். ஆனால் அந்தத் தடத்தில் கடல் சுமார் 35 கிலோமீட்டர்தான், நாகைத் தடத்தில் மூன்றில் ஒரு பங்கு. தவிர, அங்கே மணல் திட்டுகளின் வரிசை கடலை இரண்டாகப் பிரிக்கிறது. வடக்கே கொந்தளிக்கும் பருவத்தில் தெற்கே அடங்கியிருக்கும், தெற்கே சீறும் பருவத்தில் வடக்கே அமைதி. பெண் கடல், ஆண் கடல் என்று ராமேஸ்வரத்தில் சொல்வது இந்த இரண்டையும்தான். நாகைத் தடத்துக்கு மாற்றுக் கடல் கிடையாது. அப்படிப்பட்ட தனுஷ்கோடியே 1964 டிசம்பர் புயலில் அழிந்தது. பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய ‘ராமானுஜம்’ கப்பலும் 1984இல் இலங்கைக் கலவரச் சூழலில் நின்றது.

அப்படியானால் பெரிய கப்பல் விட்டால் தீராதா? அதையும் செய்து பார்த்தாயிற்று. 2011 ஜூனில் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கு ஆயிரம் பேருக்கு மேல் கொள்ளும் ‘ஸ்கோஷியா பிரின்ஸ்’ ஓடியது. அந்த அளவு கப்பலுக்குக் கடல் பெரிய தடையாக இருக்கவில்லை. ஆள் சேராமல் நவம்பரில் நின்றது. இன்னும் நூறு வருடம் பின்னே போனால், 1906இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியையும் அலை கவிழ்க்கவில்லை. எதிர்க் கம்பெனி கட்டணத்தைத் தரைமட்டமாக்கியதும், அரசாங்கம் அவரைச் சிறையில் தள்ளியதும்தான் கவிழ்த்தன. இலங்கைக் கப்பலின் சிக்கல் இதுதான்: சின்னக் கப்பல் அலைக்கு ஈடுகொடுக்காது, பெரிய கப்பல் செலவுக்கு ஈடுகொடுக்காது. நாகைச் சேவையும் தன் வருமானத்தில் மட்டும் ஓடவில்லை. 2025இல் இந்திய அரசு ஆண்டுக்கு 30 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் உதவித்தொகை கொடுத்துக் கட்டணத்தைத் தாங்கிப் பிடித்தது.

என் குறை கப்பலின் அளவு மேல் இல்லை. 150 பேர் கப்பல் இந்தத் தடத்துக்கு இப்போதைக்குச் சரியான முடிவுதான். அதை வருடம் முழுக்க ஓடும் கப்பல் போல அறிவித்துவிட்டுப் பிறகு ‘வானிலை காரணமாக’ என்று நிறுத்துவதுதான் பிழை. மலேசியாவின் கிழக்குக் கரையில் பெர்ஹெந்தியான், ரெடாங் தீவுகள் இருக்கின்றன. அங்கேயும் இதே வடகிழக்குக் காற்று. ஏறக்குறைய நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை விடுதிகளைப் பூட்டிவிடுகிறார்கள், படகுப் போக்குவரத்தும் அநேகமாக அடங்கிவிடுகிறது. அது எல்லாருக்கும் முன்பே தெரியும். யாரும் டிசம்பருக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ஏமாறுவதில்லை. மேற்குக் கரை லங்காவிக்கு ஆண்டு முழுதும் படகு உண்டு. பருவத்தை ஒப்புக்கொண்ட சேவைக்குக் கெட்ட பெயர் வருவதில்லை.

பட்டுக்கோட்டையிலிருந்து பார்த்தால் கப்பலுக்குப் போட்டி திருச்சி விமானம். 2025 மார்ச் இறுதியில் திருச்சி–யாழ்ப்பாணம் விமானத்தை இண்டிகோ தொடங்கியது. வானத்தில் ஒரு மணி நேரம்தான். நமக்கு நாகையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், நூறு கிலோமீட்டரை ஒட்டி. நேரத்தில் கப்பல் தோற்கும். 2024இல் சாதாரண இருக்கை சுமார் 5,000 ரூபாய், மேல்தட்டு 7,500 ரூபாய் என்றிருந்தபோது, பணத்திலும் பெரிதாக ஜெயித்ததாகச் சொல்ல முடியாது. கப்பல் பக்கம் நிற்பது இரண்டு விஷயங்கள்தான். ஒன்று, மூட்டை முடிச்சு. ஆனால் இதிலும் எடை விதியைப் பயண நாளுக்கு முன் மறுபடி கேட்டுக்கொள்வது நல்லது, அது மாறிக்கொண்டே வந்திருக்கிறது. மற்றொன்று, கடல் வழியாகப் போய் இறங்குவது என்ற ஆசை. இதைச் சாதாரணமாக நினைக்க மாட்டேன். நம் பாட்டன் காலத்தில் ‘ரஜுலா’, ‘சிதம்பரம்’ கப்பல்களில் பினாங்குக்குப் போனவர்கள் இதே நாகைத் துறையில்தான் ஏறினார்கள்.

இனி மாதங்கள். டெல்டாக் குடியானவருக்கு ஒரு நல்ல பொருத்தம் இருக்கிறது: சம்பா அறுவடை முடிந்து கையில் காசும் ஓய்வும் இருக்கிற பங்குனி, சித்திரைதான் கடலும் அடங்கியிருக்கிற காலம். ஏப்ரல் 15 முதல் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகளின் நெரிசலும் இருக்காது. பட்டுக்கோட்டையிலிருந்து குடும்பத்தோடு, வயதானவர்களோடு போகிறவர்களுக்கு மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் கடைசி வரைதான் என் முதல் சிபாரிசு. மே மாதம் பள்ளி விடுமுறை, கூட்டம் வரும், ஆனால் வங்கக்கடலில் புயல் சின்னம் எட்டிப் பார்க்கிற மாதமும் அதுதான். ஜூன், ஜூலையில் போகலாம். வயிறு தாங்குகிற இளைஞர்கள் போகலாம். கப்பலின் நடுப்பகுதியில், பின்பக்கமாக உட்காருங்கள், முன்வரிசை வேண்டாம்.

ஆகஸ்டும் செப்டம்பரும் இரண்டாவது சிபாரிசு. ஆடி அமாவாசையை அடுத்து நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறி 25 நாள் திருவிழா. ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணி. இரண்டு கரைக்கும் ஆள் போய்வர வேண்டிய நாட்கள் இவை. ஆகஸ்டில் கொஞ்சம் ஆட்டம் இருக்கும், செப்டம்பரில் குறையும். இந்த நாட்களில் ஒரு கப்பல்கூட நிற்காமல் ஓட்டினால் சேவைக்குப் பாதி வருட வருமானம் கிடைக்கும் என்பது என் எண்ணம்.

அக்டோபர் பாதியிலிருந்து பிப்ரவரிப் பாதி வரை கப்பலை நினைக்கவே வேண்டாம். ஓடுகிறது என்று யாராவது சொன்னாலும் வேண்டாம். கஜா புயல் நவம்பரில் வந்ததைத் தென்னந்தோப்பை இழந்த பட்டுக்கோட்டைக்கு நினைவூட்டத் தேவையில்லை. அந்த மாதங்களில் திருச்சி விமானம்தான். மற்ற மாதங்களிலும் கப்பலில் போய்த் திரும்புகிறவர்கள் பயணத்தின் பின்னால் இரண்டு நாள் சும்மா வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணத்துக்கோ, நீதிமன்ற வாய்தாவுக்கோ, வேலையில் சேர்வதற்கோ முந்தின நாள் கப்பலை நம்பித் திரும்பாதீர்கள்.

கப்பல் நடத்துகிறவர்களும் அதற்குப் பணம் கொடுக்கிற அரசும் செய்ய வேண்டியது ஒன்றுதான். வருடத் தொடக்கத்திலேயே ஓடும் மாதங்கள் எவை, ஓடாத மாதங்கள் எவை என்று தேதியோடு அச்சிட்டு அறிவியுங்கள். ஓடாத மாதங்களுக்கு டிக்கெட் விற்காதீர்கள்.