17 முயல்கள்

‘தி ஃபேவரிட்’ (2018) படத்தில் ராணி ஆன், இழந்த 17 பிள்ளைகளுக்காக 17 முயல்கள் வளர்க்கிறாள். முயல்கள் கற்பனை, கருவுற்ற கணக்கு உண்மை. நிலைத்த ஒரே மகனும் 11 வயதில், 1700இல் இறந்தான். மறு ஆண்டே நாடாளுமன்றம் அரியணையை ஹனோவர் வம்சத்துக்கு எழுதிவைத்தது. ஸ்டூவர்ட் வம்சம் ‘முடிந்தது’ என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். முடிந்தது ஒருத்தியின் உடம்பில். அந்த உடம்பைக் காட்டுவதால் எனக்கு இந்தப் படம் பிடிக்கும்.

ஆனால் அவளை அழுமூஞ்சியாக, இரண்டு தோழிகள் கையில் பொம்மையாக ஆக்குவது, பதவி பறிபோன சாரா சர்ச்சில் 1742இல் அச்சிட்ட புகாரின் தொடர்ச்சிதான். ஒரு பெண் எழுதியது என்பதற்காக அதை அப்படியே நம்பிவிட முடியுமா? போரை முடிக்க வழிவிடாத பிரபுக்கள் சபைக்குள் ஒரே மூச்சில் 12 புதிய பிரபுக்களை நுழைத்தவள் இந்த ஆன். அதற்குப் படத்தில் இடமில்லை; வாத்துப் பந்தயத்துக்கு இருக்கிறது.