வள்ளியம்மாவின் பேரன்

திருக்குறள் மக்கள் மன்றம் ஏற வேண்டுமென்று 1949-இல் பெரியார் சென்னையிலே குறள் மாநாடு கூட்டினார். எழுபதாண்டு கழிந்து, 2019-இல், அந்நூற்பெயரின் ஓசையைச் சற்றே திருப்பி, ‘தெருக்குரல்’ என்று தம் முதல் இசைத்தொகுப்புக்குப் பெயர் சூட்டினார் அரக்கோணத்து இளைஞர் ஒருவர். இயற்பெயர் அறிவரசு, அறிவு என்றால் நாடறியும்.

தமிழ்நாட்டிலே பாட்டென்றால் படப்பாட்டு! கதாநாயகனின் வாயசைவுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது. தன் சொல்லைத் தானே எழுதி, தானே பாடி வருபவர் சிலரே. அறிவும் படங்களுக்கு எழுதுகிறார். அது வேறு கணக்கு. நான் பேச வந்தது அவர் தம் பெயரில், தம் பொறுப்பில் பாடியவை குறித்து.

பா. இரஞ்சித்தின் முயற்சியில், தென்மாவின் இசையில் உருவான ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவில் வளர்ந்தவர் அவர். 2018 சனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய அக்குழுவின் பெயர் அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்திலிருந்து பிறந்தது. பண்டிதர் இளமையில் வாழ்ந்தது நம் நீலமலையில். திராவிட மகாசன சபையின் முதல் மாநாட்டை 1891-இல் அவர் கூட்டியதும் உதகையிலேதான். மலையிலே முளைத்த விதை, கடற்கரைப் பட்டினத்திலே பறையாகவும் கானாவாகவும் பூத்தது என்பேன்.

‘தெருக்குரல்’ ஓஃப்ரோ என்னும் இசைஞரோடு சேர்ந்து செய்த தொகுப்பு. சொல்லிசை என்று இன்று வழங்கும் ராப் அதன் வடிவம். ‘ஆண்டி இண்டியன்’, ‘கள்ள மௌனி’ என்ற தலைப்புகளே சினத்தைச் சொல்லும். வேகம் உண்டு, வீரம் உண்டு. ஆனால் சில இடங்களில் தாளம் சொல்லைத் துரத்துகிறது. கேட்பவர் பொருளைப் பற்றுமுன் அடுத்த அடி வந்து விழுகிறது. மேடைப் பேச்சில் மூச்சு விடாது முழங்குவோரிடம் நாம் காணும் குறைதான் இது.

2021 மார்ச்சில் வந்தது ‘என்ஜாய் எஞ்சாமி’. சந்தோஷ் நாராயணன் இசையில், தீ என்னும் பாடகியோடு அறிவு பாடியது. “பகுத்தறிவு பேசுவோர் ‘சாமி’ பாட்டை ஏன் கொண்டாட வேண்டும்?” என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அந்தச் சாமி யார்? கோயிலில் உள்ளதா? இல்லை! பண்ணையாரைக் கண்டால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ‘சாமி’ என்றவன் உழவன். தேயிலைத் துரையைக் கண்டால் ‘சாமி’ என்றவள் கொழுந்து கிள்ளியவள். அதே வாய் மாலையில் லயத்துக்குத் திரும்பிப் பேரனை மடியில் இருத்தி ‘என் சாமி’ என்று கொஞ்சியது. பகலெல்லாம் அச்சத்தில் சொன்ன சொல், இரவில் அன்பாகிறது. தலைப்பின் முற்பாதி துரையின் மொழி. பிற்பாதி கூலியின் மொழி. துரை மட்டுமே துய்த்ததை நீயும் துய்த்திடு என்று பாட்டி பேரனுக்குச் சொல்கிறாள். கடவுளுக்கு இதில் வேலையே இல்லை.

அந்தப் பாட்டி கற்பனையல்லள். வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பியவர். அவர் சொன்ன கதையே பாட்டின் கரு. 1948-இன் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கென்றும் 3,00,000 பேரை இலங்கைக்கென்றும் பங்கிட்டது. மீந்த 1,50,000 பேரின் கணக்கை 1974-இல் தீர்த்தார்கள். ஆட்டு மந்தையைக்கூட இப்படி எண்ணிப் பிரிப்பதற்கு இடையன் தயங்குவான்! அவர்களுக்கு வேலை தர 1968-இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கிற்று. அதுவே பின்னர் டான்டீ ஆயிற்று. கடல் கடந்து மீண்டவன் கைக்கு மறுபடி கிடைத்ததும் கொழுந்துக் கூடையே. குந்தாவில் அந்தப் பாட்டைக் கேட்கும்போது ஆடத் தோன்றுவதற்கு முன் இது தோன்றுகிறது.

ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். முன்னோர் நிலத்தை எல்லா உயிர்க்கும் பொதுவாக விட்டுச் சென்றார்கள் என்ற இனிய படத்தைப் பாட்டு வரைகிறது. பொதுவாக விட்டது யாருடைய பட்டாவில் போய்ச் சேர்ந்தது? அங்கே பாட்டு மெல்ல நழுவி, ஆட்டத்துக்குள் புகுந்துகொள்கிறது. ‘தெருக்குரல்’ பாடியவர் இக்கேள்வியை விட்டிருக்கலாகாது.

பாட்டு பரவிய பின் நடந்தது பாட்டைவிடப் பெரிய பாடம். 2021 ஆகஸ்டில் ‘ரோலிங் ஸ்டோன் இந்தியா’ இதழின் அட்டையில் தீ இருந்தார், அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்குத் தனி மின்னட்டை வந்தது. 2022 சூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாடு தொடக்க விழாவிலும் அவரில்லாமலே பாட்டு ஒலித்தது. எழுதி, மெட்டமைத்து, பாடியவன் நான் என்றார் அறிவு. கூட்டுப் படைப்பு என்று விளக்கினார் சந்தோஷ் நாராயணன். யார் பங்கு எவ்வளவென்று அளக்க என்னிடம் படியில்லை. 2024 மார்ச்சிலோ, அப்பாட்டால் தமக்கு வருவாயே வரவில்லை என்று சந்தோஷ் நாராயணனே அறிவித்தார். கோடிக்கணக்கானோர் கேட்ட பாட்டு! கொழுந்து நிறுத்துப் போட்டவளுக்கு ஏலத்தின் விலை தெரியாத கதையே இங்கும்.

அவ்வாண்டிலேயே அறிவு ‘வள்ளியம்மா பேராண்டி’ தொகுப்பை வெளியிட்டார். தந்தை வழிப் பட்டமும் சாதி வாலும் பெயரோடு ஒட்டிவரும் நாட்டில், தேயிலை கிள்ளிய மூதாட்டியின் பெயரையே தம் குலமுகவரியாக ஏற்றுக்கொண்ட தலைப்பு. தன்மானப் பெயரிடல் என்று இதனையே சொல்வேன். முந்தைய தொகுப்பின் மூச்சிரைப்பு இங்கே தணிந்திருக்கிறது. சொல்லுக்கு இடம் கிடைத்திருக்கிறது. இளைஞர்கள் ‘தெருக்குரல்’ முடித்து இதற்கு வரலாம்.

தொகுப்பை முதற்பகுதி என்றே குறித்திருக்கிறார். அடுத்ததில் கங்காணியைப் பற்றி ஒரு பாட்டு வேண்டும். அவன் துரையின் ஆள். ஆனால் நம் ஊரான், நம் மொழியான்.