நிறத்தை அணைக்கும் லீவர்

நிக்கான் இசட் எஃப் கேமரா 2023 செப்டம்பரில் அறிவிக்கப்பட்டது. அதன் 24.5 மெகாபிக்சல், ஃபுல் ஃப்ரேம் சென்சார் புராணமெல்லாம் யூடியூபில் பாடியாகிவிட்டது. நான் சொல்ல வந்தது ஷட்டர் ஸ்பீடு டயலுக்கு அடியில் ஒண்டியிருக்கும் ஒரு லீவரைப் பற்றி மட்டும். போட்டோ, வீடியோ என்பவற்றோடு அதில் கறுப்பு-வெள்ளைக்கும் தனியிடம் உண்டு. தள்ளினால் போதும், வியூஃபைண்டரில் தெரிகிற உலகம் மொத்தமும் நிறத்தை உதறிவிடும்.

எல்லா கேமராவின் மெனுவிலும் இருப்பதுதானே என்பீர்கள். இருக்கிறது. ஊர்வலம் நகரும் நேரத்தில் மெனுவைத் தோண்டிக்கொண்டிருப்பது யார்? மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாக் கூட்டத்தில் லீவரைத் தள்ளினேன். சிவப்புப் பட்டும் பச்சை வாழையிலையும் ஒரே சாம்பலாகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. திருவிழாப் படங்களில் பாதி வேலையைச் செய்வது நிறம். பேர் வாங்குவது போட்டோகிராஃபர். நிறம் போனதும் ஆளைப் பின்னணியிலிருந்து பிரிக்க வெளிச்சம் ஒன்றுதான் வழி. இரண்டடி நகர்ந்து, ஒரு கிழவரின் முகம் நிழல் விழுந்த சுவருக்கு முன்னால் வரும்வரை நிற்கவேண்டியிருந்தது. பயப்பட வேண்டாம், ரா (RAW) கோப்பாக எடுத்தால் நிறம் அதற்குள் பத்திரமாக இருக்கும்.

கல்யாணப் படம் எடுக்கும் நண்பர் ஒருவர் சோனி கட்சி. "இன்னுமா நிக்கான்?" என்பதுதான் அவர் வணக்கம் சொல்லும் முறை. நிக்கானின் பல கேமராக்களுக்குச் சென்சார் செய்து தந்ததே சோனிதான் என்பது இருவருக்கும் தெரியும். இருந்தும் டீக்கடை வழக்கு தீர்வதில்லை. என் கட்சி விசுவாசத்துக்குக் காரணம் 1959-லிருந்து நிக்கான் காப்பாற்றி வந்த, லென்ஸ் மாட்டும் எஃப் மவுண்ட். 2018-ல் இசட் மவுண்ட் வந்தது. சொந்த மோட்டார் இல்லாத பழைய டி வகை லென்ஸ்களை அடாப்டரில் மாட்டலாம், ஆனால் அடாப்டருக்குள்ளும் மோட்டார் இல்லை. ஃபோகஸைக் கையால் திருகவேண்டியதுதான். கேனான் 1987-லேயே தன் பழைய மவுண்டைக் கைகழுவியது. எந்தக் கட்சியும் தொண்டனுக்காக நிற்பதில்லை.

ஆனால் என் பழைய 50 எம்எம் 1.8-ஐ இசட் எஃப்பில் மாட்டியபோதுதான் லீவரின் இன்னொரு உபயம் தெரிந்தது. ஃபோகஸ் விழுந்த விளிம்புகளைச் சிவப்பில் கோடிட்டுக் காட்டும் பீக்கிங், வண்ணக் காட்சியில் கண்ணில் படாமல் கரைந்துபோகும். கறுப்பு-வெள்ளையில் அந்தச் சிவப்பைத் தவிர வேறு நிறமே கிடையாது. இமை முடியில் ஃபோகஸ் உட்காருவது பளிச்சென்று தெரிகிறது. பெட்டியில் தூங்கிய லென்ஸ் இப்போது கேமராவை விட்டு இறங்குவதே இல்லை.

குறைகள்? 1982-ன் ஃபிலிம் கேமரா எஃப்எம்2-வின் முகத்தை அப்படியே ஒட்டியதில் பிடிமானம் போயிற்று. பெரிய ஜூம் மாட்டினால் மணிக்கட்டு பேசும். இரண்டாவது கார்டு மைக்ரோ எஸ்டி, அதுவும் பேட்டரிக்குப் பக்கத்தில், நகத்தால் நோண்டி எடுக்கவேண்டிய இடத்தில். இதை வடிவமைத்தவர் ஒரு முகூர்த்தத்திலாவது படம் எடுத்துப் பார்த்திருக்கவேண்டும். கூடவே விற்கும் 40 எம்எம் எஸ்இ லென்ஸ் பழங்கால வேடம் போட்டிருக்கிறது. அப்பர்ச்சர் வளையம் கிடையாது, மவுண்ட் பிளாஸ்டிக்.

கையில் வேறு கேமரா இருந்தால், அதிலேயே மோனோகுரோமை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்றிவிட்டுக் கடைக்குப் போங்கள். சோனி நண்பர் அப்படிச் சுற்றிவிட்டு வந்து, ஒரு லீவருக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேலா என்று கேட்கிறார். கேட்டுக்கொண்டே என் கேமராவில் அதைத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறார்.