திருக்குறளில் ‘சூழ்தல்’: ஆழ்ந்த எண்ணத்தைச் சுட்டும் ஒரு சொல்லின் பொருள் எல்லை

உள்ளுதல், எண்ணுதல், ஓர்தல், தேர்தல், சூழ்தல் எனச் சிந்தனையைச் சுட்டும் வினைகள் பல திருக்குறளில் பயில்கின்றன. எளிய உரைகள் பெரும்பாலும் இவற்றை ‘நினைத்தல்’, ‘ஆராய்தல்’ என்னும் இரு சொற்களுக்குள் அடக்கிவிடுகின்றன. குறளின் திரண்ட கருத்தை உணர்த்த இது போதுமெனினும், சொற்களுக்கு இடையிலான நுண்ணிய வேறுபாடு மறைந்துவிடுகிறது. ‘சூழ்தல்’ என்னும் சொல்லை முன்வைத்து அவ்வேறுபாட்டை இக்கட்டுரை ஆராய்கிறது.

உள்ளுதல் அகத்தே நிகழ்வது. உயர்ந்த குறிக்கோளை நெஞ்சிற் கொள்வதையும் (596), பிரிந்த காதலரை நினைந்து மகிழ்வதையும் (1201) இச்சொல்லே சுட்டுகிறது. ஓர்தல், மெய்யுணர்தல் அதிகாரத்தில் உள்பொருளை உணர்வதற்குரிய வழியாக வருகிறது (357). சூழ்தலோ செயலை நோக்கியது. சுற்றுதல், வளைத்தல் என்பனவும் இச்சொல்லின் பொருள்களாதலின், ஒன்றை எல்லாப் பக்கமும் சுற்றிவந்து காணும் எண்ணமே சூழ்தல் எனக் கொள்ளலாம். தெரிந்துசெயல்வகையின் முதற்குறள் (461) இதற்குத் தக்க சான்றாகும். ஒரு வினையால் அழிவது, ஆவது, பின்னர் விளையும் ஊதியம் ஆகிய மூன்றையும் ஒருசேரச் சூழ்ந்து செய்க என்கிறது அக்குறள். அரசனுக்குக் கண்ணாக விளங்குவோர் ‘சூழ்வார்’ எனப்படுகின்றனர் (445). சூழ்ச்சியின் முடிவு துணிவு பெறுதல். அத்துணிவைக் காலம் தாழ்த்துதல் தீது (671).

இன்றைய வழக்கில் ‘சூழ்ச்சி’ சதி என்றே பொருள்படுகிறது. பிறன்கேடு சூழ்தலை விலக்கும் 204ஆம் குறளில் இவ்விழிபொருள் முன்னரே உள்ளது எனச் சிலர் வாதிடக்கூடும். ஆயின் அக்குறளில் சூழ்தல் வினை நான்கு முறை வருகிறது. அவற்றுள் ஒன்று அறத்தின் செயல். தீயோன் எண்ணுவதும் அவனுக்கு எதிராக அறம் எண்ணுவதும் ஒரே வினையால் கூறப்படுதலின், இழிவு சூழப்படும் பொருளைச் சார்ந்ததேயன்றிச் சொல்லைச் சார்ந்ததன்று.

இவ்வேறுபாட்டை அறியாத மாணவர், 671ஆம் குறளில் அரசியல் வஞ்சகத்தையே காண்பர். கூடியிருந்து ஆராயும் அறிவுச்செயலைக் காணத் தவறுவர். எனவே, பாடநூல்களும் எளிய உரைகளும் இச்சொல்லுக்கு ‘ஆராய்தல்’ என ஒரு சொல்லில் பொருள் தருவதோடு அமையாது, அதன் பழம்பொருளையும் பொருள்மாற்றத்தையும் சுட்டுதல் வேண்டும்.